குளத்தங்கரைக் கட்டைக்கு எந்தப் பூச்சு?

ஓகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் கலேவெலப் பக்கத்துக் குளங்களில் நீர் இறங்கி அடிமண் தெரியத் தொடங்கும். தேவஹுவக் குளத்தின் ஓரங்களிலும், வடக்கே கலா வாவியிலும், தம்புள்ளைக்கு அப்பால் கண்டலமக் குளத்திலும் அப்போதுதான் கட்டைகள் வெளியே வருகின்றன. சில, மாரி வெள்ளத்தில் ஓயாக்கள் அடித்துக்கொண்டு வந்தவை. வேறு சில, குளத்துக்குள்ளேயே நின்று பட்டுப்போன மரங்களின் வேரும் கொம்பும். ஆண்டுக்கணக்கில் நீருக்குள்ளும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்து, பட்டை கழன்று, மென்மையான பகுதி கரைந்து, வைரம் மட்டும் வரிவரியாக எஞ்சி நிற்கும். விளக்குத் தண்டு, மேசைக்கால், சுவர் அலங்காரம், ஓர்கிட் பூச்செடி தாங்கி என்று எதற்கும் அந்த வடிவம் பொருந்தும்.

அப்படி ஒரு கட்டையைச் சுத்தம் செய்து பொருளாக்கிய பின் அதன்மேல் எதைப் பூசுவது என்பதே இந்த அத்தியாயம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் வைக்கும் கட்டைக்கு மெல்லிய பூச்சே நல்லது. பின்னர் துடைத்து எடுக்கவோ, அதன்மேலேயே புதுப்பிக்கவோ முடிந்த பூச்சாக அது இருக்க வேண்டும். ஹார்ட்வெயார் கடையில் முதலில் கையில் கொடுக்கப்படும் பளபளப்பு வார்னிஷ் பலகைக் கதவுக்கு ஏற்றது. குளத்துக் கட்டையில் அதைத் தடிப்பாகப் பூசினால், நீரும் வெயிலும் இத்தனை காலம் செய்த வேலையை அது மூடிவிடும்.

முதலில் நனைத்துப் பாருங்கள்

மரத்தின் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். வெயிலின் புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்கிறது. சிதைந்ததை மழையும் குளத்து நீரும் கழுவிக்கொண்டு போகின்றன. வெளுத்த செல்லுலோஸ் நார் மட்டும் மேலே தங்குகிறது. கட்டையின் சாம்பல், வெள்ளி நிறம் இதுதான். இது மிக மெல்லிய தோல். முரட்டுச் சேண்ட் பேப்பரால் நாலு முறை இழுத்தால் போய்விடும். உள்ளே பழுப்பு மரம் தெரியும். போன தோலைத் திரும்பக் கொண்டுவர இன்னும் சில வருட வெயில் வேண்டும்.

ஆகவே பூச்சு வாங்கப் போகுமுன் நீங்கள் எடுக்கவேண்டிய முடிவு ஒன்றுதான்: சாம்பல் நிறத்தைக் காக்க விரும்புகிறீர்களா, அல்லது உள்ளே உள்ள மரத்தின் நிறத்தை வெளியே கொண்டுவர விரும்புகிறீர்களா? இதைத் தீர்மானிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கட்டையின் அடிப்பக்கத்தில் ஒரு கைப்பிடி இடத்தை ஈரத்துணியால் துடையுங்கள். நனைந்த இடத்தில் தெரியும் நிறமே ஏறக்குறைய எண்ணெய், அரக்கு, எண்ணெய் வார்னிஷ் ஆகியவற்றின் கீழ் தெரியப்போகும் நிறம். அது பிடித்திருந்தால் அந்த வழியில் போகலாம். நனைந்த நிறம் கறுத்து, அழுக்காகத் தெரிந்தால் தண்ணீர் வார்னிஷ், அதுவும் மட் வகை, அல்லது வெறும் மெழுகு என்று யோசியுங்கள். சாம்பல் நிறத்தை நூற்றுக்கு நூறு அப்படியே வைத்திருக்கும் பூச்சு கிடையாது. எதைப் பூசினாலும் கொஞ்சம் கறுக்கும்.

பூச்சுக்கு முன் செய்யவேண்டியவை

குளத்திலிருந்து எடுத்த கட்டை மேலே உலர்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். ஈரத்தின்மேல் பூசினால் பூச்சு கொப்பளிக்கும், வெள்ளை பூக்கும், சில வேளை உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். நேர் வெயிலில் போட்டு அவசரமாக உலர்த்தினால் மரம் வெடிக்கும். கூரை நிழலில், தரையில் படாமல் இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்து, காற்றோட்டமாக உலர்த்துவதே சரி. வாரத்துக்கு ஒருமுறை தராசில் நிறுத்து எடையை எழுதிக்கொண்டே வாருங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறாவிட்டால் உலர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஈரமானி இருந்தால் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை பொறுங்கள்.

சேற்றுக்குள் பல பத்தாண்டுகள் புதைந்து கிடந்த கட்டை வேறு வகை. அதன் உயிரணுச் சுவர்கள் பலவீனப்பட்டு, உள்ளிருக்கும் நீர்தான் வடிவத்தைத் தாங்கி நிற்கும். நீர் வெளியேறினால் மரம் சுருங்கி நொறுங்கும். 1628இல் மூழ்கி 1961இல் தூக்கியெடுக்கப்பட்ட சுவீடனின் வாசா கப்பலை இதனாலேயே உலரவிடாமல், பொலிஎதிலீன் கிளைக்கோல் கலந்த நீரைப் பதினேழு ஆண்டுகள் தெளித்தார்கள். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் கட்டையை வீட்டுப் பொருளாக்க முயலவேண்டாம் என்பதே என் ஆலோசனை. குளத்திலேயே விட்டுவிடுங்கள், அது மீனுக்கும் நீர்க்காகத்துக்கும் பயன்படும்.

கலேவெல ஊடாகப் போகும் ஏ6 வீதி திருகோணமலையில் முடிகிறது. அங்கிருந்து வரும் கடற்கட்டைகளும் இங்கே கைமாறுகின்றன. கடற்கட்டையில் உப்பு ஊறியிருக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால், மாரி வந்ததும் பூச்சின் அடியில் ஈரம் கசியும். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, நீரை மாற்றி மாற்றி, நாக்கில் தொட்டால் உப்புக் கரிக்காமல் போகும்வரை ஊறவைத்த பிறகுதான் உலர்த்தத் தொடங்க வேண்டும். குளத்துக் கட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. சேறு, பாசி, நத்தை ஓடு ஆகியவற்றை நைலோன் பிரஷால் தேய்த்துக் கழுவினால் போதும். கம்பி பிரஷ் வேண்டாம். அது சாம்பல் தோலைக் கிழிக்கும், உடைந்த இரும்புத் துகளை மரத்துக்குள் விட்டுச்செல்லும்.

இரும்பைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு. இந்தப் பகுதிக் குளக்கரைகளில் அதிகம் நிற்பது சிங்களத்தில் கும்புக் எனப்படும் மருத மரம். மருதில் டெனின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. இரும்பும் ஈரமும் டெனினும் சேர்ந்தால் மரத்தில் மைக்கறுப்புக் கறை விழும். மருதுக் கட்டைக்குப் பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்கு ஸ்குருவையே பயன்படுத்துங்கள். ஏற்கெனவே விழுந்த கறுப்புக் கறைக்கு ஒக்சாலிக் அமிலக் கரைசல் பூசிக் கழுவலாம். அது நஞ்சு, கையுறை கட்டாயம். வீட்டு வெளுப்பு நீரைத் தொடவேண்டாம். அது நாரைப் பஞ்சாக்கிவிடும்.

பூச்சிக்கும் இப்போதே வழி செய்ய வேண்டும். மேலே பூசும் எதுவும் உள்ளே ஏற்கெனவே இருக்கும் வண்டைக் கொல்லாது. கட்டையைத் தட்டினால் மாவு கொட்டுகிறது என்றால் அது உளுத்துக்கொண்டிருக்கிறது. சர்வதேச மரப் பெட்டிச் சீர்தரம், மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்கிறது. கறுப்புப் பொலித்தீனில் கட்டையைச் சுற்றி உச்சிவெயிலில் வைத்தால் மெல்லிய கொம்பு அந்த வெப்பத்தை எட்டக்கூடும். தடித்த வேர்க்கட்டை எட்டுமென்று நம்பாதீர்கள். அதற்கு வெங்காரமும் போரிக் அமிலமும் ஒன்றரைக்கு ஒன்று என்ற எடையில் சேர்த்து, நூறு பங்கு கரைசலில் பத்துப் பங்கு இருக்கும்படி வெந்நீரில் கரைத்து, இரண்டு மூன்று முறை பூசி ஊறவிடுங்கள். இது நீரில் கரையும் மருந்து. மேலே பூச்சு இல்லாமல் மழையில் வைத்தால் கழுவுண்டு போகும். குளத்துக் கட்டைக்குப் பூச்சு ஏன் வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கரையில் கிடக்கும் கட்டை யாருக்கும் சொந்தமில்லை என்று எண்ணவேண்டாம். இந்தியாவின் 1927ஆம் ஆண்டு வனச் சட்டம், மிதந்து வந்ததும் கரையொதுங்கியதும் மூழ்கியதுமான மரத்தை, வேறொருவர் உரிமையை நிறுவும்வரை அரசின் சொத்தாகக் கருதுகிறது. இலங்கையில் 1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மரத்தை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேண்டியிருக்கலாம். கிராம உத்தியோகத்தரிடமும் அருகிலுள்ள வன அலுவலகத்திலும் கேட்ட பிறகே எடுங்கள். கருங்காலி, முதிரை போலத் தோன்றும் கட்டை என்றால் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை. முதிரையைத் தேய்க்கும்போது எழும் தூள் பலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அரக்கு: மாத்தளையின் சொந்தப் பூச்சு

மற்ற எல்லாப் பூச்சுகளையும்விட இதைப் பற்றி நான் நீளமாக எழுதப்போகிறேன். வீட்டுக்குள் வைக்கும் குளத்துக் கட்டைக்கு இதுவே என் முதல் தெரிவு. இந்த மாவட்டமே அந்தக் கைத்தொழிலுக்குப் பேர்போனது என்பதும் ஒரு காரணம்.

மாத்தளை மாவட்டத்துப் பல்லே ஹபுவிட கிராமத்தில் அரக்கு வேலை தலைமுறை தலைமுறையாக வந்தது. அங்குள்ள முறைக்கு நகத்தால் செய்யும் வேலை என்று பெயர். அரக்கைக் கரிநெருப்பில் இளக்கி, நிறம் சேர்த்து அடித்துப் பிசைந்து, நூலாக இழுப்பார்கள். சூடேற்றிய மரத்தின்மேல் அந்த நூலை ஒட்டி, பெருவிரல் நகத்தால் வெட்டி வெட்டிக் கோலம் போடுவார்கள். பிறகு மீண்டும் சூடு காட்டி, ஓலை நறுக்கால் தேய்த்து மினுக்குவார்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை ஆகியவையே வழக்கமான நிறங்கள். கைத்தடி, கொடித்தண்டு, ஏட்டுச்சுவடியின் மேற்பலகை போன்றவை இப்படி அலங்கரிக்கப்பட்டன. 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலில் கண்டி நாட்டு அரக்கு வேலைக்கும் இடம் கொடுத்தார். தாழை மடலால் மினுக்கும் கர்நாடகத்துச் சன்னபட்டணத்து மரப்பொம்மைகளும் இதே அரக்கின் வேறொரு வடிவம்.

அரக்கு, மரக்கிளைகளில் கூட்டமாக ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். நீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். சுத்தப்படுத்தி மெல்லிய ஏடாக உடைத்ததைத் தமிழ்நாட்டுக் கடைகளில் அவலரக்கு என்பார்கள். தச்சர்கள் பூசும் பிரெஞ்ச் பொலிஷ் இதிலிருந்துதான் வருகிறது. குளத்துக் கட்டைக்கு அது பொருந்துவதற்கு மூன்று காரணங்கள் சொல்வேன். மிக மெல்லியதாகப் பூசலாம், ஆகவே வரிகளும் குழிகளும் நிரம்பிப் போகாது. பழுதானால் ஸ்பிரிட்டில் தோய்த்த துணியால் துடைத்தெடுக்கலாம் அல்லது அதன்மேலேயே பூசலாம். புதுப்பூச்சு பழைய பூச்சைக் கொஞ்சம் கரைத்து ஒன்றாகிவிடும். மூன்றாவது, மருது போன்ற மரங்களின் டெனின் மேலெழுந்து கறைபடுத்துவதை அது தடுத்து நிறுத்தும்.

ஒரு லீட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்கு என்பது முதல் பூச்சுக்கான மெல்லிய அளவு. அடுத்த பூச்சுகளுக்கு 240 கிராம் வரை போகலாம். கண்ணாடிப் போத்தலில் போட்டு, அவ்வப்போது குலுக்கி, ஓர் இரவு கரையவிட்டு மெல்லிய துணியில் வடியுங்கள். மருந்துக்கடையில் கிருமிநீக்கத்துக்கு விற்கும் 70 சதவீத ஸ்பிரிட் வேண்டாம். அதிலுள்ள நீர் பூச்சை வெள்ளையாக்கும். பொலிஷ் வேலைக்கென்று கேட்டு வாங்குங்கள். கரைத்த அரக்கு ஆறு மாதத்துக்கு மேல் பழையதானால் ஒழுங்காக இறுகாமல் பிசுபிசுக்கும். ஆகவே தேவையான அளவே கரைத்து, போத்தலில் தேதி எழுதுங்கள். மென்மையான பிரஷால் பூசி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட்டு அடுத்ததைப் பூசலாம். இரண்டு மூன்று பூச்சுகளோடு நிறுத்துங்கள். கடைசியில் மிக நுண்ணிய சேண்ட் பேப்பரை ஒருமுறை லேசாகத் தொட்டு, மெழுகு தேய்த்தால் பளபளப்பு அடங்கி, கட்டை கட்டையாகவே தெரியும்.

குறையும் உண்டு. சூடான தேநீர்க் கோப்பையை வைத்தால் அடையாளம் விழும். அரக்கு ஏறக்குறைய 75 பாகையில் உருகத் தொடங்கும் பொருள். நீர் நெடுநேரம் தேங்கினால் வெளுக்கும். சவர்க்காரமும் அமோனியாவும் அதற்குப் பகை. ஆகவே மேசையின் மேற்பலகைக்கு வேண்டாம். விளக்கு, சுவர்ப் பொருள், மேசைக்கால் ஆகியவற்றுக்கு அருமை. அரக்கின் இயல்பு நிறம் தேன்பழுப்பு. சாம்பலைக் காக்க விரும்பினால் வெளுத்த அரக்கைத் தேடுங்கள்.

எண்ணெய்: எல்லா எண்ணெயும் உலராது

இங்கே வீட்டிலுள்ள எண்ணெய் தேங்காய் எண்ணெய். கட்டையில் தடவியதும் நிறம் எடுப்பாகத் தெரியும். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் தேங்காய் எண்ணெய் ஒருநாளும் இறுகாது. தூசு ஒட்டும், சிக்கு வாடை வரும், பின்னர் வேறெந்தப் பூச்சும் அதன்மேல் பிடிக்காது. எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனைப் பிடித்து இறுகும் தன்மையை அயடீன் எண் என்ற அளவால் மதிப்பிடுகிறார்கள். தேங்காய் எண்ணெய்க்கு அது பத்துக்குள், ஆமணக்குக்கு 90 அளவில், நல்லெண்ணெய்க்கு 110 அளவில். ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல். ஆளிவிதை மட்டுமே இவற்றில் உண்மையாக உலரும். வேப்பெண்ணெயும் இலுப்பை எண்ணெயும் பூச்சியைச் சில காலம் விலக்கினாலும் பூச்சாக உதவா.

ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சியது என்று கேட்டு வாங்குங்கள். அதில் உலர்த்தி சேர்த்திருப்பார்கள், ஒன்று இரண்டு நாளில் இறுகும். பச்சை எண்ணெய்க்கு வாரக்கணக்காகும். டர்பன்டைன் சமபங்கு கலந்து, பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மீதியை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். துடைக்காத எண்ணெய் கட்டையின் குழிகளில் தேங்கிச் சவ்வுபோல் பிசுபிசுக்கும். இது சாம்பல் கட்டையைத் தேன்பழுப்பாக்கும், காலம் போகப் போக இன்னும் கறுக்கும். பாலை, வீரை போன்ற வைரம் பாய்ந்த கட்டைகளில் இந்த நிறம் அழகாக அமையும். மருதில் எனக்குப் பிடிப்பதில்லை, கறுத்துவிடுகிறது.

இந்த எண்ணெய் தோய்ந்த துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கிறது. கசக்கிக் குப்பையில் போட்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போகும். துணியை விரித்து வேலியில் ஒற்றைப் படையாகக் காயப்போடுங்கள், அல்லது நீர் நிரப்பிய வாளியில் அமிழ்த்துங்கள். வேலைக் கொட்டிலில் மூலையில் சுருட்டிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது.

தேன்மெழுகு தனியாகவும் பூசலாம். ஒரு பங்கு மெழுகுக்கு இரண்டு மூன்று பங்கு டர்பன்டைன். மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து அப்பால் எடுத்துவந்த பிறகே டர்பன்டைனை ஊற்றுங்கள். நிறத்தை மிகக் குறைவாக மாற்றும் பூச்சுகளில் இது ஒன்று, தடவவும் சுகம். ஆனால் தேன்மெழுகு 62 பாகையிலேயே உருகுவது. கலேவெலயின் பங்குனி, சித்திரை வெப்பத்தில் இளகித் தூசு பிடிக்கும். அதற்குக் கார்னௌபா மெழுகு கலந்த பசை கிடைத்தால் நல்லது. அது 80 பாகைக்கு மேலேதான் உருகும். மெழுகின்மேல் வேறு பூச்சு ஒட்டாது, ஆகவே மெழுகு எப்போதும் கடைசி.

வார்னிஷ், சீலர், தண்ணீர் வார்னிஷ்

தளபாடக் கடைகளில் பொதுவாகச் செய்வது சேண்டிங் சீலர் இரண்டு முறை, மேலே லெக்கர் இரண்டு முறை, எல்லாம் தின்னரில் கரைத்து ஸ்பிரே. வேகமாக உலரும், விலையும் குறைவு. குளத்துக் கட்டையில் இரண்டு சிக்கல்கள் வரும். சீலரைத் தேய்த்து மட்டப்படுத்த வேண்டும், வரிகளில் தேய்க்க முடியாது. தேய்க்காத இடத்தில் சீலர் வெள்ளைத் தூளாகத் தேங்கி நிற்கும். ஸ்பிரே செய்யும் இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும், அடுப்போ சிகரெட்டோ அருகில் கூடாது. அந்த ஆவி எளிதில் பற்றும். செய்வதானால் சீலரை விட்டு, மட் லெக்கரை நீர்க்கக் கலந்து ஒன்றிரண்டு முறை மட்டும் அடியுங்கள்.

எண்ணெய்க் கலப்பு பொலியூரேத்தேன் வார்னிஷ் மிக உறுதியானது. மேசையின் மேற்பரப்புக்கு இதைத்தான் சொல்வேன். மட் வகையை வாங்கி, கலக்குச்சியால் அடியிலிருந்து கலக்கி, டர்பன்டைனில் நீர்த்து முதல் பூச்சைப் பூசுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் ஒரு நாள் விடவேண்டும். தேக்குக் கட்டையானால் முதலில் தின்னர் துணியால் துடையுங்கள். தேக்கின் சொந்த எண்ணெய் வார்னிஷை உலரவிடாது.

சாம்பல் நிறத்தைக் காக்க விரும்புகிறவர்களுக்கு ஏற்றது நீரில் கரையும் பொலியூரேத்தேன், மட் வகை. தகரத்தில் பால்போல் தெரிந்தாலும் காய்ந்தால் நிறமற்றது, மஞ்சளாவதும் இல்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் அடுத்ததைப் பூசலாம். இதிலுள்ள நீர் மரநாரைச் சிலிர்க்க வைக்கும். முதல் பூச்சு காய்ந்ததும் நுண்ணிய சேண்ட் பேப்பரால் ஒருமுறை தடவினால் போதும், அழுத்த வேண்டாம். மருதின்மேல் நேராகப் பூசினால் டெனின் கரைந்து பழுப்புத் திட்டுகள் விழும். முதலில் மெழுகு நீக்கிய, வெளுத்த அரக்கை ஒருமுறை பூசி, அதன்மேல் தண்ணீர் வார்னிஷ் இரண்டு முறை: குளத்து மருதுக்கு நான் பரிந்துரைக்கும் சேர்க்கை இதுவே.

பழைய பிசின்களையும் மறக்கவேண்டாம். கண்டிக் காலத்து விகாரைச் சித்திரங்களுக்குத் தொரண மரத்து எண்ணெயும் குங்கிலியமும் சேர்த்து மெருகு பூசினார்கள். தொரண எண்ணெய் இன்று கடையில் சுலபமாக வாங்கக்கூடியதில்லை. அந்த மரங்களைக் காயப்படுத்தி எடுப்பதையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

எபொக்சி பற்றிச் சுருக்கமாக. கட்டையின் வெடிப்புகளை நிரப்பவும், கண்ணாடிபோன்ற மேசை செய்யவும் நல்லது. நம் வெப்பத்தில் கலவை சீக்கிரம் இறுகும்; தடிப்பாக ஊற்றினால் கொதித்து வெடிக்கும், ஆகவே மெல்லிய படைகளாக ஊற்றுங்கள். வெயில் பட்டால் மஞ்சளாகும். ஊற்றிய பின் திருத்த வழியே இல்லை என்பதால், ஒரு நல்ல வேர்க்கட்டையை முழுதாக எபொக்சிக்குள் அடைப்பதை நான் விரும்புவதில்லை.

முற்றத்துக்கும் மீன்தொட்டிக்கும்

மழையும் வெயிலும் படும் இடத்தில் வைக்கும் கட்டைக்கு எந்தப் பூச்சும் நிலைக்காது. படகுகளுக்கான, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ்கூட ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். ஒரு பருவம் தவறினால் உரிந்து தொங்கும், சுரண்டுவது பெரும்பாடு. மருது, பாலை போன்றவற்றின் வைரம் பூச்சில்லாமலே பல்லாண்டு தாங்கும். பாலை இந்நாட்டில் ரயில் தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டையாகவே பயன்பட்டது. வெளியே விடும் கட்டையை வெறுமையாக விட்டு, கறையான் ஏறாதபடி கருங்கல்லின்மேல் தூக்கி வையுங்கள். பூச்சு வாங்கும் பணத்தைக் கல்லுக்குச் செலவிடுவது மேல்.

மீன்தொட்டிக்குள் வைக்கும் கட்டைக்கும் பறவைக் கூட்டுக் கொம்புக்கும் எதையும் பூசக்கூடாது. வெங்காரம் போட்ட கட்டையும் ஆகாது. கொதிக்கவைத்து, ஊறப்போட்டு, நீர் பழுப்பாவது குறையும்வரை மாற்றிக்கொண்டிருங்கள்.

எந்த மாதத்தில் பூசுவது

ஒக்டோபர் தொடங்கி ஜனவரிவரை இங்கே மழைக்காலம். காற்றில் ஈரம் மிகுந்த அந்த நாட்களில் அரக்கும் லெக்கரும் உலரும்போது வெள்ளை பூக்கும். வேகமாகப் பறக்கும் ஸ்பிரிட்டும் தின்னரும் மேற்பரப்பைக் குளிரவைப்பதால் காற்றின் ஈரம் அதில் படிகிறது. ஆகவே சுத்தம் செய்வது, உலர்த்துவது, வடிவமைப்பது ஆகியவற்றை மாரியில் வைத்துக்கொள்ளலாம். பூச்சைப் பெப்ரவரி, மார்ச்சுக்கு ஒத்திவையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர்வரை நன்றாக உலரும், ஆனால் கச்சான் காற்று வயலிலிருந்தும் வற்றிய குளத்திலிருந்தும் புழுதியை அள்ளி வரும். அந்த மாதங்களில் காற்று எழுமுன், காலை ஒன்பது மணிக்குள் பூசி முடித்து, பழைய சேலையால் மறைப்புக் கட்டுங்கள்.

எந்தப் பூச்சானாலும் முதலில் கட்டையின் அடியில், கண்ணில் படாத இடத்தில் பூசி ஒரு வாரம் பாருங்கள். தகரத்தில் அச்சிட்ட பரப்பளவு மட்டமான பலகைக்கானது. வரியும் குழியும் உள்ள கட்டை அதைவிட அதிகம் குடிக்கும் என்று கணக்குப் பண்ணியே வாங்குங்கள். வேலை முடிந்ததும் அடியில் பூச்சின் பெயரையும், எந்த வரிசையில் பூசினீர்கள் என்பதையும், தேதியையும் பென்சிலால் எழுதி வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து அதைப் புதுப்பிக்கிறவருக்கு, அது நீங்களாகவே இருந்தாலும், எதன்மேல் எது ஒட்டும் என்று தெரிய அந்தக் குறிப்பு தேவைப்படும்.